ரிசப்ஷன் கவுனுக்கு ஒரு சம்பங்கி சென்ட்

கல்யாண வரவேற்புக்குக் கவுன் தைத்துக் கொடுக்கும் கடைக்காரிக்கு சென்ட் பாட்டிலில் என்ன வேலை என்று கேட்கலாம். காலையில் முகூர்த்தப் புடவை கட்டும் பெண்ணின் தலையில் மல்லிகைச் சரம் இருக்கிறது. அவள் நகர்ந்தால் மணம் கூடவே நகர்கிறது. மாலையில் அதே பெண் கவுனுக்கு மாறும்போது சரம் இறங்கிவிடுகிறது; கொண்டையில் கல் வைத்த கிளிப்பும் நாலு செயற்கைப் பூவும்தான் மிச்சம். இரண்டு ஆள் பிடித்து நடக்கவேண்டிய அளவுக்கு விரிந்த கவுனில் பூவாசனையே இல்லாமல் ஒரு பெண் மேடையேறுவது எனக்கு எப்போதும் உறுத்தும். கடையில் விற்கும் இனிப்பு வகைப் பூ சென்ட்டுகள் இந்த இடத்தை நிரப்பலாம். ஆனால் அவற்றில் பாதியில் பூவைவிட மிட்டாய்தான் தூக்கலாக இருக்கிறது. வாசனை மூலப்பொருள்களைச் சிறு அளவில் வாங்கிக் கலக்கும் பழக்கம் எனக்குக் கொஞ்ச காலமாக உண்டு. எனவே வெண்தந்த நிற சாட்டின் கவுன் ஒன்று தைக்க வந்தபோது, அதற்கென்றே ஒரு சென்ட்டும் செய்வது என்று முடிவெடுத்தேன்.

முன்மாதிரியாக மனதில் வைத்துக்கொண்டது ஃப்ரகா. பாரிசில் ஆடை நிறுவனம் நடத்திய ரொபேர் பிகேவுக்காக 1948இல் ஜெர்மேன் செலியே என்ற பெண்மணி உருவாக்கியது. பிகேவிடம்தான் கிறிஸ்தியான் டியோர் முன்பு வடிவமைப்பாளராக வேலை பார்த்தார். ஃப்ரகா முழுக்க முழுக்கச் சம்பங்கி. கூடவே ஆரஞ்சுப் பூ, மல்லிகை, வெண்ணெய் போன்ற ஒரு வழவழப்பு, அடியில் சந்தனமும் மஸ்க் என்ற கஸ்தூரி மணமும். அதை நகலெடுப்பது என் நோக்கமில்லை. அது என்னால் முடியவும் முடியாது. மாலைநேரக் கவுனுக்கான சென்ட்டை ஒரே பூவை மையத்தில் வைத்துக் கட்டலாம் என்ற துணிச்சலை மட்டும் கடன் வாங்கிக்கொண்டேன்.

கட்டுமானத்துக்கு எடுத்துக்கொண்டது டியோரை. 1947 பிப்ரவரி 12 அன்று அவர் காட்டிய முதல் தொகுப்பில் ஒரு வரிசைக்கு 'கொரோல்' என்று பெயர், அதாவது பூவின் இதழ் வட்டம். ஒடுங்கிய இடுப்பு, அதிலிருந்து கவிழ்ந்த பூவாக விரியும் பாவாடை. தையல்காரர் கண்ணால் அந்தப் புகைப்படங்களைப் பார்த்தால் முதலில் தோன்றுவது வெளித்துணியின் அழகு அல்ல. உள்ளே என்ன வைத்து இதை நிறுத்தியிருக்கிறார்கள் என்ற கேள்விதான். எங்கள் தொழிலில் அதற்குக் கேன்கேன் என்று பெயர். விறைப்பான நெட் துணியை அடுக்கடுக்காகச் சுருக்கி லைனிங்குக்கு மேல் வைத்துத் தைப்போம். வாடிக்கையாளர் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. அது இல்லாவிட்டால், மீட்டர் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய துணியும் காலைச் சுற்றித் தொங்கும். சென்ட்டிலும் இதே கணக்கு ஓடுகிறது என்பதுதான் இந்த வேலையில் நான் கண்டது. தனியே முகர்ந்தால் அநேகமாக ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும் பொருள்கள்தான் பூவை விரித்து நிறுத்துகின்றன. பூவும் சர்க்கரையும் மேலே போகும் சில கிராம் சங்கதி.

இனி பொருள்கள். சம்பங்கிக்குச் சொந்த ஊர் மெக்சிகோ. ஆனால் இன்று சத்தியமங்கலம் பக்கத்து வயல்களில் விளையும் பூவை நம்மூர்ப் பூ அல்ல என்று யாரும் சொல்லிவிட முடியாது. அதை ஆவியில் வடித்து எண்ணெய் எடுக்க முடியாது; சூட்டில் மணம் கெட்டுவிடும். ஹெக்சேன் என்ற கரைப்பானில் பூவை ஊறவைத்து, கரைப்பானை ஆவியாக்கினால் மெழுகுபோல் ஒன்று மிஞ்சும். அதற்குக் காங்கிரீட் என்றே பெயர். அதைச் சாராயத்தில் கழுவி மெழுகைப் பிரித்தெடுத்தால் கிடைப்பது அப்சொல்யூட். தமிழ்நாட்டில் மல்லிகைக்கும் சம்பங்கிக்கும் இந்த வேலை செய்யும் ஆலைகள் இருக்கின்றன; அவற்றின் சரக்கு வெளிநாட்டு சென்ட் நிறுவனங்களுக்குப் போகிறது. பழைய காலத்தில் பிரான்சின் கிராஸ் நகரத்தில் கண்ணாடித் தட்டில் கொழுப்பைத் தடவி அதன்மேல் பூவை அடுக்குவார்கள். பறித்த பிறகும் மணத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும் பூக்கள் சம்பங்கியும் மல்லிகையும். அதனால் அந்த முறை இவ்விரண்டுக்கும் பொருந்தியது.

வீட்டில் தேங்காய் எண்ணெயில் பூவை ஊறவைத்தால் போதாதா என்று என்னிடம் கேட்டவர்கள் பலர். தலைக்குத் தேய்க்க நன்றாக இருக்கும். சென்ட்டுக்கு உதவாது, ஏனென்றால் தேங்காய் எண்ணெய் சாராயத்தில் சரியாகக் கரையாமல் பிரிந்து நிற்கும்.

நான் வாங்கியது மிகச் சிறிய குப்பி சம்பங்கி அப்சொல்யூட்டும் அதேபோல் ஒரு குப்பி குண்டுமல்லி அப்சொல்யூட்டும். விலையைப் பார்த்தால் அதற்குமேல் வாங்கத் தோன்றாது. சம்பங்கி அப்சொல்யூட் கெட்டியாக, பழுப்பாக இருந்தது. குப்பியை வெதுவெதுப்பான நீரில் நிறுத்தி வைத்தால்தான் இளகும். மூடியைத் திறந்து முகர்ந்தவுடன் யாருக்கும் கவுன் ஞாபகம் வராது. பச்சை இலை, தேன், ஈரமண், அவற்றுக்கு நடுவே மூட்டுவலித் தைலத்தின் சுருக்கென்ற வாடை. பின்னது கற்பனையல்ல: தைலத்தில் இருக்கும் மீத்தைல் சாலிசிலேட் சம்பங்கிப் பூவிலும் இயல்பாக இருக்கிறது.

சாராயம்தான் நம்மூரில் தலைவலி. தூய எரிசாராயம் மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையின் கட்டுப்பாட்டில் இருப்பது. போய் ஒரு லிட்டர் வாங்கிவிட முடியாது. வாசனை மூலப்பொருள் விற்பவர்களிடம் குடிக்க முடியாதபடி இயல்பு மாற்றிய, சென்ட்டுக்கென்றே தயாரான சாராயம் கிடைக்கிறது, அதைத்தான் பயன்படுத்தினேன். மருந்துக்கடை ஸ்பிரிட்டை வைத்து முயல வேண்டாம். அதன் நெடி எந்தப் பூவையும் மூடிவிடும், தோலுக்கும் நல்லதல்ல. சாராயம் எளிதில் தீப்பற்றும் என்பதால் அடுப்படியில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். நான் கடையின் பின்னறையில், இஸ்திரிப் பெட்டி அணைந்த பிறகு, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்தேன்.

கருவிகள் அதிகமில்லை. 0.01 கிராம் வரை காட்டும் தராசு, கண்ணாடிக் குவளைகள், கண்ணாடித் துளிக்குழாய்கள், கெட்டியான ஓவியத்தாளை விரல் அகலத்தில் வெட்டிய முகர்வுப் பட்டைகள், கையுறை. பிளாஸ்டிக் குவளையும் தெர்மோகோலும் கிட்டவே வரக்கூடாது. எலுமிச்சை இனத்துப் பழமான பெர்கமாட்டின் எண்ணெயில் நிறைய இருக்கும் லிமொனீன் தெர்மோகோலைக் கரைத்துக் குழியாக்கிவிடும். நம்பாதவர்கள் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாம்.

சொட்டுக் கணக்கில் கலப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. ஒவ்வொரு திரவமும் ஒவ்வொரு கனத்தில் சொட்டும். எல்லாவற்றையும் எடைபோட வேண்டும். ஆனால் மல்லிகை மணத்துக்குத் துளியளவு தேவைப்படும் இண்டோல் என்ற பொருளை 0.01 கிராம் மட்டும் இந்தத் தராசில் நம்பி எடைபோட முடியாது. ஆகவே வலுவான பொருள்களை முன்கூட்டியே 10 சதவீதக் கரைசலாக்கி வைத்துக்கொள்கிறேன். 0.1 கிராம் கரைசல் எடுத்தால் அதற்குள் 0.01 கிராம் சரக்கு. அப்சொல்யூட்டுகளும் அப்படியே. சர்க்கரை மணம் தரும் எத்தில் மால்டால் மட்டும் 5 சதவீதம், அதற்குமேல் கரைய அடம்பிடிக்கிறது. கரைசல் போட்ட அன்றே குப்பியில் பெயரும் சதவீதமும் எழுதி ஒட்டிவிட வேண்டும். தெளிந்த திரவங்களெல்லாம் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும்.

முதல் கலவையில் இனிப்பை முன்னால் நிறுத்தினேன். 'இனிப்பான பூ' என்று கேட்பவர்களுக்கு இன்று பழகிப்போனது எத்தில் மால்டாலின் மணம். பஞ்சு மிட்டாய் வண்டிக்குப் பக்கத்தில் நிற்கும்போது வருவது. 1992இல் தியெரி மூக்ளேர் என்ற ஆடை வடிவமைப்பாளரின் பெயரில் வந்த ஏஞ்சல் அதைப் பச்சௌலி என்ற இலையின் மண்வாசனை எண்ணெயோடு தாராளமாகச் சேர்த்துப் பெரும் வெற்றி பெற்றது. அதன் பிறகு இந்தச் சர்க்கரை, பூ சென்ட்டுகளுக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது. சாராயத்தில் ஊற்றுவதற்கு முந்தைய 20 கிராம் அடர்கலவையில் எத்தில் மால்டால் கரைசல் 2 கிராம், வனிலா மணம் தரும் வனிலின் கரைசல் 1.2 கிராம் போட்டேன். பட்டையில் தோய்த்த முதல் நிமிடத்தில் எல்லோருக்கும் பிடித்தது. அரை மணி நேரம் கழித்துச் சம்பங்கியைக் காணவில்லை. மறுநாள் அதே பட்டையில் சர்க்கரையும் வனிலாவும் மட்டுமே இருந்தன. மெதுவாக ஆவியாகும் பொருள்கள் அவை, கடைசிவரை நிற்கும். மேலே லேஸ் கனத்து, உள்ளே கேன்கேன் இல்லாத கவுன்.

அடுத்த பிரச்சினை நிறம். ஆரஞ்சுப் பூவின் சாயலுக்காக மீத்தைல் ஆந்த்ரனிலேட் சேர்த்திருந்தேன். அது ஆல்டிஹைடு வகைப் பொருள்களோடு சேர்ந்து ஷிஃப் பேஸ் என்ற சேர்மமாக மாறும். அந்தச் சேர்மங்கள் மஞ்சளும் ஆரஞ்சுமாக நிறம் கொண்டவை. வனிலினும் ஓர் ஆல்டிஹைடுதான். அது தனியாகவே நாள்பட்டால் பழுக்கும். இண்டோலோடு சேர்ந்தால் செந்நிறமும் காட்டும். மூன்றும் ஒரே குப்பியில் இருந்ததால், தெளிவாக இருந்த கலவை வைத்த இடத்திலேயே டீ நிறத்துக்குப் போய்விட்டது. பாட்டிலில் அழகாகத்தான் இருந்தது. ஆனால் இது வெண்தந்த நிறக் கவுனுக்கான சென்ட். வெட்டில் மிஞ்சிய சாட்டின் துண்டிலும், ஒரு பட்டுத் துண்டிலும் தெளித்துக் காயவைத்தேன். சாட்டினில் மங்கலாக ஒரு வளையம். பட்டில் அது பளிச்சென்று தெரிந்தது. பிறகு துவைத்தும் முழுதாகப் போகவில்லை.

ஆக அடுத்த கலவையைக் கீழிருந்து கட்டினேன், அதாவது கேன்கேனில் தொடங்கினேன். ஹெடியோன் 5 கிராம். மல்லிகையின் மணக்கூறுகளை ஆராய்ந்ததில் கிடைத்த பொருள் இது. டியோர் நிறுவனத்துக்காக எத்மோன் ருத்நிட்ஸ்கா 1966இல் செய்த ஓ சோவாஜ் மூலம் பெயர் பெற்றது. தனியே முகர்ந்தால் லேசான எலுமிச்சை கலந்த காற்று, அவ்வளவுதான். பூக்களோடு சேர்ந்தால் அவற்றுக்கு இடையே வெளி விட்டு நிறுத்துகிறது. அடுத்து பென்சைல் சாலிசிலேட் 2.5 கிராம், எத்திலீன் பிராசிலேட் 2.5 கிராம், பாதிக்குப் பாதி நீர்த்த காலக்சோலைடு 1.5 கிராம். பின்னிரண்டும் மஸ்க் வகை. பென்சைல் சாலிசிலேட்டுக்கென்று பெரிய மணம் கிடையாது. வெள்ளைப் பூக்களின் அடியில் மென்மையாக, மெழுகின் வழவழப்போடு பரவி நிற்கும். இந்த நான்கும் சேர்ந்து 11.5 கிராம். மொத்தத்தில் பாதிக்கும் மேல், 'மணமில்லாத' சரக்கு.

எங்கள் கட்டிங் மாஸ்டரிடம் இந்த அடித்தளத்தை மட்டும் பட்டையில் தோய்த்துக் கொடுத்தேன். "எனக்கு ஒன்றுமே தெரியவில்லை, அக்கா. வெறும் காகிதம்தானே இது?" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. குறிப்பிட்ட சில மஸ்க் மூலக்கூறுகளை முகரவே முடியாத மூக்குகள் பலருக்கு உண்டு. ஒன்று தெரியாதவருக்கு இன்னொன்று தெரியும். இரண்டு மஸ்க் சேர்த்துப் போடுவதற்கு அதுவும் ஒரு காரணம். இந்த வேலையை ஒரே மூக்கை நம்பிச் செய்யக்கூடாது என்பதற்கும் அதுவே காரணம். நடுநடுவே காப்பிக் கொட்டையை முகர்ந்தால் மூக்கு தெளியும் என்பார்கள். எனக்கு அது காப்பி வாசனையைத்தான் கூட்டியது. வெளியே போய் நின்றுவிட்டு வருவதே மேல்.

இதற்கு மேல் பூ. ரோஜாவின் மென்மைக்குப் பினைல் எத்தில் ஆல்கஹால் 1.2, லினலூல் 1.2, மல்லிகையின் முக்கியக் கூறான பென்சைல் அசிடேட் 1.0. அது தனியாக இருந்தால் வாழைப்பழம் பக்கம் சாயும். தொடக்கத்தின் பளிச்சுக்குப் பெர்கமாட் 0.9, வெயிலில் தோலைப் பாதிக்கும் பெர்காப்டென் நீக்கிய வகையையே வாங்கவேண்டும். சம்பங்கிக் கரைசல் 1.5, குண்டுமல்லிக் கரைசல் 1.2. இண்டோல் கரைசல் 0.1. பாச்சை உருண்டை வாடை என்று அதைத் தள்ளுபவர்கள் உண்டு. ஆனால் துளி இண்டோல் இல்லாத மல்லிகை, சோப்புக்கடை மல்லிகை.

இங்கே நம்மூருக்கே உரிய ஒரு சிக்கல் வந்தது. கடையில் தைப்பவர்களிடம் பட்டையைக் கொடுத்தபோது ஒரே குரலில் சொன்ன சொல் "மாலை". பாரிசில் சம்பங்கி என்றால் மாலைநேர உடை, முத்துமாலை, இரவு விருந்து. இங்கே சம்பங்கி என்றால் பூக்கடையில் தொங்கும் மாலை. அது கல்யாணத்துக்கும் போகும், சாமிக்கும் போகும், இழவு வீட்டுக்கும் போகும். மேடையில் நிற்கும் பெண்ணைப் பார்த்து ஒரு விருந்தாளிக்கு அந்தக் கடைசி வீடு நினைவுக்கு வந்துவிட்டால் கவுன் என்ன, சென்ட் என்ன!

யோசித்துப் பார்த்தால் அந்த நினைவைக் கொண்டுவருவது பூவின் பச்சை வாடையும் தைல வாடையும்தான். மீத்தைல் சாலிசிலேட்டைத் தனியாக 0.3 கிராம் கரைசல் சேர்த்திருந்தேன், சம்பங்கியை உண்மையாகக் காட்டுவதற்காக. அதை 0.1ஆகக் குறைத்தேன். முழுக்க எடுத்துவிட்டால் சம்பங்கி அடையாளமே தெரியாமல் பொதுவான ஒரு வெள்ளைப் பூவாகிவிடுகிறது. பிறகு பீச் பழத்தின் தோல் மணம் தரும் காமா டெக்காலாக்டோன் கரைசல் 0.4, தேங்காய்ப்பால் வழவழப்புக்குக் காமா நோனாலாக்டோன் கரைசல் 0.2. லாக்டோன்களின் சாயல் சம்பங்கிப் பூவிலேயே இருக்கிறது. வெளியிலிருந்து ஒட்டவைத்ததாகத் தெரியாது. நோனாலாக்டோன் கொஞ்சம் கூடினாலும் பர்ஃபி கிளறும் வாசனை வந்துவிடும், கவனம். இந்த மாற்றத்துக்குப் பிறகு 'மாலை' என்ற சொல் வரவில்லை. ஒருத்தி "பணக்கார வாசனை" என்றாள். அது பாராட்டா என்று கேட்டதற்குச் சிரித்துவிட்டு மெஷினில் உட்கார்ந்துவிட்டாள்.

கடைசியாக இனிப்பு. வனிலின் கரைசல் 0.4, எத்தில் மால்டால் கரைசல் வெறும் 0.2, மீத்தைல் ஆந்த்ரனிலேட் கரைசல் 0.1. கூட்டினால் 20 கிராம் சரியாக வரும். எத்தில் மால்டால் முதல் கலவையில் இருந்ததில் பத்தில் ஒரு பங்குதான் இதில் இருக்கிறது. ஆனாலும் முகர்ந்தவர்கள் எல்லோரும் இதைத்தான் அதிக இனிப்பு என்றார்கள். லாக்டோனும் மஸ்க்கும் தாங்கிப் பிடிப்பதால் இனிப்பு பூவிலிருந்தே வருவதுபோல் இருக்கிறது. முதல் கலவையில் இனிப்பு ஒருபக்கம், பூ ஒருபக்கம் என்று நின்றிருந்தன.

அடர்கலவையை இறுக மூடி இருட்டான அலமாரியில் கொஞ்ச நாள் விட்டேன். பிறகு 113 கிராம் சாராயத்தில் ஊற்றி, மொத்தம் 133 கிராமில் 15 சதவீதம் என்ற கணக்கில் நிறுத்தினேன். தண்ணீர் சேர்க்கவில்லை; மஸ்க் அதிகமுள்ள கலவை தண்ணீர் பட்டால் கலங்க வாய்ப்பு அதிகம். மீண்டும் சில வாரம் ஊறல். இந்தக் காத்திருப்பைப் பலர் குறைத்துவிடுகிறார்கள். அன்றே தெளித்துப் பார்த்தபோது சாராயத்தின் முரட்டுத்தனமும் பெர்கமாட்டின் கூச்சலும்தான் இருந்தன. ஊறியபின் அவை அடங்கின. வடிகட்டுவதற்கு முந்தைய இரவு குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். அப்சொல்யூட்டில் மிஞ்சியிருக்கும் மெழுகு குளிரில் திரிந்து அடியில் தங்கும். குளிர் குறையும் முன்பே காப்பி வடிதாளில் வடிகட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி கரைந்துவிடும். தெளிந்த, வெளிறிய மஞ்சள் திரவம் கிடைத்தது.

துணிச் சோதனை மறுபடியும். சாட்டினில் தடமில்லை. பட்டில் சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரியும் அளவுக்கு ஒரு சாயல். ஆகவே மணப்பெண்ணுக்குச் சொல்லி அனுப்பியது: கவுன்மேல் தெளிக்காதே, உடுத்துவதற்கு முன் தோளிலும் முழங்கை மடிப்பிலும் தெளித்து உலரவிட்டு, அதன்பின் கவுன். கூடவே, நிச்சயம் வேண்டுமானால் கேன்கேனின் உட்பக்க அடுக்கில் ஒரு தெளிப்பு. அது வெளியே தெரியாத துணி. நடக்கும்போது காற்றைத் தள்ளுவதும் அதுதான். ஒரு வாரம் முன்பே முன்கையில் சிறிது தடவிப் பார்க்கவும் சொன்னேன். பென்சைல் சாலிசிலேட், லினலூல் இரண்டுமே சிலருக்கு ஒவ்வாமை தரக்கூடிய பொருள்களின் பட்டியலில் உள்ளவை. பாட்டிலின் பின்புறம் அவற்றின் பெயரை எழுதி ஒட்டியிருக்கிறேன். இயற்கைப் பூவிலிருந்து எடுத்தது என்பதால் தோலுக்கு நல்லது என்று நினைப்பவர்களுக்கு: அப்சொல்யூட்டுகளுக்கும் பயன்பாட்டு வரம்புகள் இருக்கின்றன.

வரவேற்பு முடிந்து கவுன் மாற்றும்வரை மணம் நின்றது என்று தகவல் வந்தது. மேடை விளக்குச் சூட்டில் முதல் ஒரு மணி நேரம் சற்று அதிகமாகவே வீசியதாம். அடுத்தவளுக்குத் தோளில் மட்டும் போதும் என்று சொல்ல வேண்டும்.

இப்போது அந்தப் பெண்ணின் அம்மாவுக்கும் அதே சென்ட் வேண்டுமாம், ஆனால் பட்டுப்புடவைக்கு. பட்டுக்கு வனிலின் ஆகாது. அதை முழுக்க எடுத்துவிட்டு, டெக்காலாக்டோன் கரைசலை 0.6ஆகவும் காலக்சோலைடை 1.7ஆகவும் உயர்த்தி இன்னொரு 20 கிராம் எடைபோட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். தலையில் சரம் வைத்துக்கொண்டுதான் இதைப் போடுவார் என்பதால் குண்டுமல்லியைக் குறைத்துச் சம்பங்கியைக் கூட்டலாமா என்று ஒரு யோசனை இருக்கிறது. அதற்குச் சம்பங்கிக் குப்பியில் போதுமான சரக்கு இல்லை, ஆர்டர் போட்டிருக்கிறேன்.